பூங்கொடிக்கு எழுதிய மெட்டு

குரலைத் திருடி ஊரை ஏமாற்றுகிறவர்கள் பெருகிப்போன பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பேச்சை இழந்தவரின் பழைய குரலை இயந்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே மூச்சு வாங்கும் என்பதை இயந்திரம் தானாக முடிவு செய்யக் கூடாது. ஒரு மனிதர் உட்கார்ந்து அதை இசைக்குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வில்லங்கம் என்று வந்தால் பிடித்து விசாரிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா. பேச்சுக்கு எதற்கு ஐந்து கோடும் புள்ளியும் என்று யாரும் கேட்கவில்லை. சட்டத்தை எழுதிய அதிகாரிகளில் யாரோ ஒருவர் சின்ன வயதில் பியானோ வகுப்புக்குப் போய் அடி வாங்கியிருக்க வேண்டும்.

அப்படித்தான் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த மோகனசுந்தரம், தலை நரைத்த பிறகு இசைக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டார். அவர் மனைவி பூங்கொடிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனியில் நூலும் துணியும் மோகனசுந்தரத்தின் பொறுப்பு, ஆட்கள் பூங்கொடியின் பொறுப்பு. ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போதுகூட கடைசி வரிசை டெய்லருக்குக் கேட்கிற தொண்டை அவளுக்கு. அது போனது கம்பெனியில் ஒரு மெஷின் போனதைவிடப் பெரிய நஷ்டம்.

ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிந்து எழுவதற்குள், குரலுக்கான படிவத்தில் 'சுருதிப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் மோகனசுந்தரம் கையெழுத்துப் போட்டிருந்தார். புருஷன் இருக்கும்போது வேறு யார் போடுவது. பிறகு அவிநாசி ரோட்டில் ஜெசிந்தா மிஸ் நடத்திய வகுப்பில் சேர்ந்து, 'சுரவரி' என்ற மென்பொருளைப் பழகினார். கூப்பிட ஒரு மெட்டு, கேள்விக்கு ஒன்று, சம்மதத்துக்கு ஒன்று, மறுப்புக்கு ஒன்று, ஆறுதலுக்கு ஒன்று என்று வரிசையாக எழுதிச் சேர்த்தார். எழுதுவதற்கு மடிக்கணினியோடு ஷெட்டில் நின்ற காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டில் சத்தம் அதிகம் என்று காரணம் சொன்னார். அந்த வீட்டில் அப்போது சத்தம் போட ஆளே இல்லை.

பூங்கொடி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பலகையை எல்லோரும் சிலேட்டு என்பார்கள். அதில் அவள் வார்த்தையைத் தட்டினால், சிலேட்டு பொருத்தமான மெட்டை எடுத்து, பழைய வீடியோக்களில் இருந்து சேர்த்த அவளுடைய குரலில் பேசும். முதல் தடவை கேட்டபோது பூங்கொடி அழுதாள். கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் அந்நியமாகத்தான் படும், அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றவர்களுக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துப்போனது. "அண்ணி இப்பத்தானுங்க பக்குவமாப் பேசறாங்க," என்றான் மோகனசுந்தரத்தின் தம்பி கதிர்வேல். கம்பெனியில் ஆர்டர்கள் அவன் பொறுப்பு. மெல்போர்னில் இருந்த மகள் மிதுனா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட ஆரம்பித்தாள். கல்யாண விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள் அவள். அதன் பிறகு பேச்செல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் ஒரு நிமிடம் அப்பாவிடம் போனால், "நல்லாருக்கியா? இந்தா, அம்மாகிட்டப் பேசு," என்று திரும்பி வந்துவிடும். இப்போது அவள் போனை வைக்க மனமில்லாமல் பேசினாள். வயிற்றில் தங்கிய பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துபோனதை, வேறு யாருக்கும் சொல்லாததை, அம்மாவிடம் சொன்னாள். பூங்கொடி, 'பரவால்ல கண்ணு, நாங்க இருக்கறோம்' என்று தட்டினாள். சிலேட்டு அதைச் சொன்ன விதத்தில் மகள் அந்தப் பக்கம் உடைந்து அழுதாள். பூங்கொடிக்கு அன்று இயந்திரத்தைக் கும்பிடத் தோன்றியது.

சிக்கல் கதிர்வேல் வீட்டு விருந்தில் ஆரம்பித்தது. ரசத்துக்கும் தயிருக்கும் நடுவில் அவன் பேச்சை எடுத்தான்.

"செக்கிங் செக்சனை எடுத்துட்டு கேமரா போட்டுறலாமுங்க அண்ணி. ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் அதுவே பாத்துக்கும். எல்லாரும் மாறிட்டாங்க. நாம மட்டும் இன்னும் பொம்பளைங்களை உக்கார வெச்சு ஒவ்வொரு பீஸாப் பொரட்டிட்டிருக்கறோம்."

செக்கிங்கில் இருந்த பெண்கள் பூங்கொடி தேடித் தேடிச் சேர்த்தவர்கள். புருஷன் விட்டுப்போனவர்கள், தையல் மெஷினில் உட்கார முடியாதபடி முதுகு போனவர்கள். வேறு கம்பெனியில் அவர்களுக்கு இடம் கிடைக்காது. பூங்கொடி யோசிக்கவே இல்லை. 'வேண்டாம் தம்பி' என்று தட்டினாள்.

சிலேட்டு சொன்னது. விருந்துக்குப் போன இடத்தில் இரண்டாம் முறை பாயசம் ஊற்ற வரும்போது இலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சொல்வோமே, அந்த வேண்டாம். அந்த வேண்டாமை நம்பி ஊற்றாமல் நகர்கிற வீடு கொங்கு நாட்டில் கிடையாது. நகர்ந்துவிட்டால் அதற்கு ஒரு வருடம் பேச்சு வரும். கதிர்வேலும் முறை தெரிந்தவன். சிரித்துக்கொண்டே, "அண்ணி எதுக்கும் மொதல்ல வேண்டாம்னுதான சொல்லுவாங்க," என்றான்.

பூங்கொடி சத்தத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினாள். அதே வேண்டாம், பந்தியில் கூட்டம் அதிகமாக இருக்கும்போது சொல்வதுபோலக் கேட்டது. 'நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்' என்று முழு வாக்கியமாகத் தட்டிப் பார்த்தாள். நிச்சயம் பேசும்போது பெண்வீட்டார் ஒப்புக்குப் பிகு பண்ணுவதுபோல வந்தது. கதிர்வேலின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மோகனசுந்தரம், "ம்," என்று சொல்லிவிட்டுத் தயிர் ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எழுதிக் காட்டினாள்.

"நீ சொன்னப்ப அவ்வளவு கோவமாத் தெரியலையே," என்றார் அவர். "அப்பறம் யோசிச்சுச் சொல்றேங்கறயாக்கும்னு நெனச்சேன்."

மறுநாள் கதிர்வேலுக்கு மெசேஜில் அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது, 'பேசிக்கலாங்க அண்ணி' என்று. எழுதியதைவிடச் சபையில் சொன்னதுதான் கணக்கு. சபையில் அவள் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரமே கம்பெனியில் கேமராக்கள் இறங்கின, செக்கிங் மேசைகளை வெளியே தூக்கி அடுக்கினார்கள்.

வேலை போன பெண்களில் பாக்கியம் மட்டும் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வாசலிலேயே நின்றாள்.

"சண்டைக்கு வரலீங்க அக்கா. உங்களுக்கே ஒடம்பு சரியில்ல. ஆனா நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னுருக்கும்."

'சொன்னேன்' என்று தட்டினாள் பூங்கொடி.

"எப்படிங்க சொன்னீங்க?"

பூங்கொடி அந்த வேண்டாமை அழுத்தினாள். பாக்கியம் குனிந்து சிலேட்டைப் பார்த்தாள்.

"இப்படிச் சொன்னா யாருங்க கேப்பாங்க," என்றாள். "நீங்க சொல்றது எங்களுக்குத் தெரியாதா. ஒரு தடவ எங்க லைன்ல ராத்திரி ஷிப்டு சேத்துப் பாக்கணும்னாங்க. நீங்க ஒரு வேண்டாம் சொன்னீங்க. ஃபேன் நின்ன மாதிரி இருந்துச்சு."

அவள் போன பிறகு பூங்கொடி மதியச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஜெசிந்தா மிஸ் வகுப்புக்குப் போனாள்.

ஜெசிந்தா சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவள். ஸ்டூடியோக்களிலும் வாசித்தாள், ஸ்டூடியோக்களுக்கு ஆள் தேவையில்லாமல் போகும்வரைக்கும். பூங்கொடியைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனால் கண்டிப்பு அதிகம். வகுப்பில் தகப்பனுக்கு எழுத வந்த மகன்கள், தங்கைக்கு எழுத வந்த அக்கா எல்லாம் இருந்தார்கள். தனக்கே எழுத வந்தது பூங்கொடி மட்டும்தான்.

"பாட்டுல சுரம் ஒரு எடத்துல நிக்கும்," என்றாள் ஜெசிந்தா. "பேச்சுல நிக்காது, வழுக்கிட்டே போகும். அதனால புள்ளி வெச்சாப் பத்தாது. புள்ளியிலருந்து புள்ளிக்கு எப்படிப் போறோம்ங்கிற கோட்டை வரையணும். மேல 'சீராக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதைத் தொடவே தொடாதீங்க. அதை அமுக்கினா எல்லாரும் டிவியில நியூஸ் வாசிக்கறவங்க ஆயிடுவாங்க."

பூங்கொடிக்கு மௌஸ் பிடிக்க வரவில்லை. புள்ளியை ஒரு கோட்டில் வைக்கப் போனால் அது பக்கத்துக் கோட்டில் போய் உட்கார்ந்தது. கால் மாத்திரை வைக்க வேண்டிய இடத்தில் முழு மாத்திரை வைத்தாள். முதல் வாரம் அவள் எழுதிய 'வாங்க, உக்காருங்க', ரயில் தாமதமாக வரும் என்று அறிவிப்பதுபோல இருந்தது. அடுத்ததாக எழுதிய 'தண்ணி குடிக்கறீங்களா' என்பதைக் கேட்டு வகுப்பே சிரித்தது, அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள். ஆனால் விடவில்லை. கம்பெனி சூப்பர்வைசருக்கு அவள் அந்தக் காலத்தில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அப்படியே இருந்தன. அதை நேராக ஏற்றச் சட்டம் விடாது. காதால் கேட்டு, கையால்தான் எழுத வேண்டும். ஒரே மெசேஜைக் காலையிலிருந்து மாலை வரை கேட்டாள். கேட்கக் கேட்க, இப்படிக் கத்தியிருக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது, இவள் எங்கே போனாள் என்று ஏக்கமாகவும் இருந்தது.

கடைசியில் அந்த வேண்டாம் பிடிபட்டது. முதல் எழுத்து உயரத்தில் சட்டென்று தொடங்கும். அடுத்தது வழுக்காமல் நேராகக் கீழே விழும், விழுந்த இடத்திலேயே நிற்கும். பிறகு ஒரு முழு மாத்திரைக்கு மௌனம். அந்த மௌனத்துக்கும் ஒரு குறி உண்டு, அதை எழுதாவிட்டால் எதிரில் இருப்பவர் உடனே பேசத் தொடங்கிவிடுவார்.

மோகனசுந்தரம் எழுதிய வேண்டாமைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது மெல்லத் தொடங்கி, மெல்ல இறங்கி, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிந்தது. மௌனம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. மற்ற மெட்டுகளும் அப்படியே. ஒன்றில்கூட அவள் இல்லை.

மறுநாள் காலை இட்லி தட்டுக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். 'நான் இப்படி இருக்கணும்னு நெனச்சுத்தான் எழுதுனீங்களா' என்று தட்டினாள். சிலேட்டில் இன்னும் அவருடைய மெட்டுதான் இருந்தது. அதனால் அந்தக் கேள்வியும் செல்லமாகத்தான் வந்தது. அவளுக்குச் சிலேட்டைச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"வேணும்னு பண்ணலை," என்றார் மோகனசுந்தரம். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பொறுப்பாளரை மாற்றும் கடிதத்தை நீட்டியபோது படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மெட்டு எழுதுகிறவர்களுக்கு வைக்கும் தேர்வில் பூங்கொடி தேறினாள். தன் மெட்டுகளைச் சிலேட்டில் ஏற்றிக்கொண்டு அன்றே கம்பெனிக்குப் போனாள். கதிர்வேல் டீ குடித்துக்கொண்டு ஆர்டர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தான். கேமரா மூன்று லாட் சரக்கை நல்லது என்று அனுப்பி, வாங்கிய பையர் அதைத் திருப்பி அனுப்பியிருந்த சமயம் அது.

"அடுத்த லைனுக்கும் கேமரா போட்டுட்டா சரியாயிடுமுங்க அண்ணி," என்றான்.

"வேண்டாம் தம்பி," என்றது சிலேட்டு.

கதிர்வேல் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "சரிங்க," என்றான். மேசைகள் மறுபடி உள்ளே வந்தன. பாக்கியம் திரும்பி வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஒருத்தி வீட்டுவேலைக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தாள். பூங்கொடி போய்ப் பார்த்தாள். வாய் தவறிச் சொன்ன சொல்லுக்கு ஆளைக் குற்றம் சொல்லலாம், மெட்டு தவறிச் சொன்னதற்கு யாரைச் சொல்வது. சட்டப்படி பொறுப்பாளர் மோகனசுந்தரம்தான். ஆனால் புகார் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, பூங்கொடியும் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவளுக்குக் கடைசிவரை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிதுனா கூப்பிட்டாள். பூங்கொடி முதன்முதலாகத் தன் சொந்த மெட்டில், "என்ன கண்ணு, சாப்பிட்டியா?" என்றாள்.



"என்னம்மா, ஏதாச்சும் கோவமா?"

"இல்லயே. நான் எப்பவும் பேசற மாதிரிதான் பேசறேன்."

"அதாம்மா," என்றாள் மிதுனா. பிறகு அங்கே மழை என்றாள், வேலை நிறைய என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வைப்பதற்கு முன்னால் தயங்கிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அந்தப் பழைய செட்டிங்கை அழிச்சிட்டீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஒரு வருசமாத்தான் உங்ககிட்டப் பேசினாத் தூக்கம் வருது."

பூங்கொடி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் மீட்டதை வீட்டில் தொலைத்துவிட்டோம் என்று இருந்தது. பெற்ற மகளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை, இரவல் குரல் பிடித்திருக்கிறது. ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையை இழந்தவள் தூக்கம் வருகிறது என்று சொல்லும்போது ரோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. பழைய கோப்பு அழியவில்லை. ஒரு விரலால் அதற்கு மாறிவிடலாம். அப்படி மாறினால் மகளிடம் காலம் முழுக்க வேறொருத்தியாக இருக்க வேண்டும். அதைவிட, இந்த மெட்டை எப்படி எழுதுவது என்று தானே கற்றுக்கொள்வது மேல் என்று தோன்றியது. எழுதக் கற்றுக்கொண்டால் ஒருவேளை அது தன்னுடையதாகிவிடும்.

பழைய கோப்போடு ஜெசிந்தாவிடம் போனாள்.

"இந்த மாதிரி எழுதச் சொல்லிக் குடுங்க மிஸ்," என்றாள். "என் பொண்ணுக்கு இப்படிப் பேசுனாத்தான் புடிக்குது."

ஜெசிந்தா ஆறுதல் மெட்டைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை ஓடவிட்டாள்.

"இது ரெக்கார்டைக் கேட்டு எழுதினதில்லக்கா. கற்பனையா இழுத்ததுமில்ல. யாரோ வாய்விட்டுச் சொல்லிப் பாத்து, அதை அப்படியே எழுதியிருக்காங்க. இங்க மூச்சுக்குறியைப் பாருங்க, கடைசி வார்த்தைக்கு முன்னாடி. ஒவ்வொண்ணுலயும் இருக்கு. உங்களுக்கு மூச்சு அங்க வராது, நீங்க ஒரே மூச்சுல முடிக்கறவங்க. அப்புறம் மொத்தத்தையும் மேல தூக்கி வெச்சிருக்காங்க, பொம்பளைக் குரலுக்கு வரணும்னு. இருங்க, கீழ எறக்கிப் பாக்கலாம்."

அவள் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு ஸ்தாயி கீழே இறக்கினாள். பூங்கொடியின் குரலை எடுத்துவிட்டு, வெறும் ஆர்மோனியச் சத்தத்தில் ஓடவிட்டாள். வார்த்தை இல்லை, குரலும் இல்லை. ஏறி இறங்கி, கடைசிக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கி முடிகிற ஒரு நடை மட்டும் இருந்தது.

பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. 'சாப்பாடு', ஒரு மூச்சு, 'போடு' என்று இத்தனை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிற மூச்சு அது.

வீட்டுக்கு வந்தபோது மோகனசுந்தரம் நூல் சாம்பிளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெட்டெல்லாம் உங்க பேச்சுதானுங்களா?" என்று கேட்டாள். இந்த முறை சிலேட்டு அவள் கேட்டபடியே கேட்டது.

அவர் நூலைக் கீழே வைக்கவில்லை.

"உன்ற வீடியோ எல்லாம் போட்டுக் கேட்டுத்தான் எழுதோணும்னு மிஸ்ஸு சொன்னாங்க. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். அந்தக் குரலு இனி இல்லைன்னு நெனச்சுட்டுக் கேக்க முடியல புள்ள. அப்பறம் கார்ல போயி உக்காந்துட்டு, நானே சொல்லிச் சொல்லிப் பாத்து எழுதுனேன். எனக்கு வேற எப்படி வரும்?"

"என்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்லீங்களே."

"பேசுனதில்ல," என்று ஒத்துக்கொண்டார். "ஆளு முன்னாடி இருந்தா வராது."

பூங்கொடிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு 'ம்' என்று மட்டும் சொல்லி ஒரு மனுஷன் இருந்திருக்கிறார். அதை வெளியே எடுக்க அவளுடைய தொண்டை போக வேண்டியிருந்தது. அவருடைய பரிவு அவள் பெயரில் ஊரெல்லாம் பேசியிருக்கிறது, அவளுடைய வேண்டாமைக்கூட மென்று விழுங்கிவிட்டது. அதை மன்னிக்க அவளுக்கு இன்னும் நாளாகும். ஆனால் மகள் ஒரு வருடமாக யார் மடியில் அழுதாள் என்பது மட்டும் இப்போது புரிந்தது. வார்த்தை இவளுடையது, மீதியெல்லாம் அவருடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது பூங்கொடி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அம்மாகிட்டக் குடுக்கறேன்னு சொல்லக் கூடாது," என்றாள். "கார்ல உக்காந்து பேசுன மாதிரி பேசுங்க."

"ஆளு முன்னாடி வராதுன்னனே."

"நான் உள்ள போயிக்கறேன்."

போகவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மிதுனா ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. மோகனசுந்தரம் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டாரோ என்னவோ, பிறகு பேசினார்.

"நல்லாருக்கியா கண்ணு. மழை விட்டுருச்சா அங்க. உன்னையத்தான் நெனச்சிட்டிருந்தேன்... சாமி."

அந்தப் பக்கம் மகள் பதறிப்போனாள்.

"அப்பா, என்கிட்ட எதையும் மறைக்காதீங்க. உங்களுக்கும் தொண்டையில ஏதாச்சும் ஆயிடுச்சா? எப்ப ஆபரேசன் பண்ணுனீங்க? நீங்களும் மெஷின்லதான பேசறீங்க?"

பூங்கொடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல கண்ணு," என்றார் மோகனசுந்தரம். "இது மெஷினில்ல."